போஸ்ட்டாக் என்பது படிப்பா, வேலையா? தங்கச்சிமடத்துக் கேள்விக்கு ஒரு பதில்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று, வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் பயன்பாட்டுக் கணிதம், நேரியல் அல்லாத இயக்கவியல் (காரணத்துக்கு நேர்விகிதத்தில் விளைவு வராத அமைப்புகள் காலப்போக்கில் எப்படி மாறும் என்று பார்க்கும் துறை) என்று தலைப்புப் போட்டு இரண்டு வருட போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு இடத்துக்கு, விளம்பரம் கொடுத்திருக்கிறது. கணிதத் துறை விளம்பரத்துக்கு இயற்பியல் படித்தவள் விண்ணப்பிக்கலாமா, இது படிப்பா வேலையா, “இன்னுமா படிக்கிறே” என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் நாலாவதாக ஒன்று: “அப்பா முப்பது வருசமா விசைப்படகில் போகிறார். நான் படிப்பது இந்தக் கடலுக்கு என்றைக்காவது ஆகுமா?” முதல் மூன்றும் தகவல் கேள்விகள், சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது நாலாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரமுடியும்.

நான் பெரியபட்டினத்துக்காரன். இதே துறையில் முனைவர் பட்டம், அப்புறம் இரண்டு போஸ்ட்டாக், ஒன்று இந்தியாவில், ஒன்று வெளியில். இப்போது பல வருடங்களாக வாத்தியார் வேலை. ஆள் எடுக்கும் குழுக்களில் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் விண்ணப்பம், நேர்காணல், ஆய்வுக்குழு பற்றி நான் சொல்வதை நம்பலாம். கடல் உயிரியலும் விசா சட்டமும் என் துறை இல்லை, அவற்றில் என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பா வேலையா என்றால், வேலை. பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது, கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம் உண்டு. ஜெர்மனியில் பல்கலைக்கழக போஸ்ட்டாக் சம்பளம் பெரும்பாலும் ‘டிவி-எல் 13’ என்ற பொது ஊதிய அட்டவணைப்படி வரும். அட்டவணை இணையத்தில் வெளிப்படையாக இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் தெரிகிற தொகை கைக்கு வராது. தனி ஆளாக இருந்தால் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிடித்துக்கொள்வார்கள். சில இடங்களில் வேலையாக இல்லாமல் உதவித்தொகையாகக் கொடுப்பார்கள். அப்போது பிடித்தம் குறைவு, ஆனால் ஓய்வூதியமும் வேலையிழப்புப் பாதுகாப்பும் இருக்காது. இரண்டில் எது என்று விளம்பரத்திலேயே பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் நமக்குத்தான், அவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி.

அம்மாவுக்கு இப்படிச் சொல்லலாம்: சொந்தப் படகு எடுப்பதற்கு முன்னால் வேறொரு சம்மாட்டியின் படகில் டிரைவராகப் போகிற காலம் இது. தொழில் தெரிந்த ஆள்தான், யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் படகு இன்னும் தன்னுடையது இல்லை. ஒரு வித்தியாசம், இங்கே மீன்பாடு இல்லாத நாளிலும் பங்கு குறையாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: இரண்டு வருடம் முடிந்ததும் நிரந்தர வேலை என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். எல்லா நாட்டிலும் போஸ்ட்டாக்குகள் அதிகம், நிரந்தர இடங்கள் குறைவு. திரும்பி வந்து ராமநாதபுரம், காரைக்குடிப் பக்கம் கல்லூரியில் சேரும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், போவதற்கு முன்பே நெட் அல்லது செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வின் தேர்ச்சிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் படிப்பது பெரிய கொடுமை.

இனி, கணிதத் துறைக்கு இயற்பியல் ஆள் போகலாமா என்பது. நம் மாநிலத்தில் நேரியல் அல்லாத இயக்கவியல் வளர்ந்தது முக்கியமாக இயற்பியல் துறைகளில்தான். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் உருவானது. பேராசிரியர் லட்சுமணனும் முரளியும், கலிபோர்னியாவின் சுவாவும் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட மின்சுற்று, மூன்று பேரின் பெயரையும் தாங்கி உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. ஒரு மின்தடை, ஒரு தூண்டி, ஒரு மின்தேக்கி, நேரியல் அல்லாத உறுப்பாகச் சுவா டயோடு ஒன்று, வெளியிலிருந்து ஆட்டிவிடும் ஒரு மாறுமின்னழுத்தம், அவ்வளவுதான். அதிலிருந்து ஒழுங்கின்மை (கேயாஸ்: விதிப்படியே நடந்தும், தொடக்கத்தில் துளி மாறினாலே முழுக்க வேறாகிப்போகும் போக்கு) வருகிறது. உங்கள் ஆய்வேடும் இணைக்கப்பட்ட அலையியற்றிகள் (ஊசல் மாதிரி திரும்பத் திரும்ப ஆடும் அமைப்புகள்) பற்றியது என்று சொல்வதால், நீங்களும் அந்த வழியில் வந்தவர்தான் என்று ஊகிக்கிறேன். ஆகவே தகுதிப் பிரச்சினை இல்லை. விளம்பரத்தில் ‘கணிதம் அல்லது அதற்கு நெருங்கிய துறை’ என்று இருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் பழக்கத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. அது தெரியாமல் நேர்காணலுக்குப் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு படம் இருந்தது. இரண்டு இனங்களில் ஒன்று மற்றொன்றைத் தின்று வாழும் ஒரு எளிய மாதிரி, இரண்டு சமன்பாடு. கணினியில் ஓட்டியபோது ஒரு இடத்தில் தாறுமாறாக அலைந்தது. ஒழுங்கின்மை என்று எழுதி, வண்ணமயமாகப் படமும் போட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. முதல் போஸ்ட்டாக் நேர்காணலில் ஒரு வயதான கணிதக்காரர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, “இதில் மாறிகள் எத்தனை?” என்றார். இரண்டு என்றேன். “வெளியிலிருந்து எதுவும் ஆட்டவில்லையே?” இல்லை என்றேன். “அப்படியானால் இந்தப் படம் தப்பு” என்றார். அவர் கணினியைத் தொடவே இல்லை. தொடர்ச்சியான காலத்தில் இயங்கும், நேரம் வெளிப்படையாக வராத இரண்டு மாறிச் சமன்பாடுகளில் ஒழுங்கின்மைக்கு இடமில்லை என்பது பாயின்காரே, பெண்டிக்சன் பெயரில் உள்ள தேற்றம். தளத்தில் போகிற பாதை தன்னைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது, அதனால் எல்லைக்குள் நிற்கிற பாதை பொதுவாகக் கடைசியில் ஒரு புள்ளியிலோ ஒரு சுழற்சியிலோ அடங்கித்தான் ஆகவேண்டும். அந்தத் திருச்சி மின்சுற்றிலும் மாறிகள் இரண்டுதான், ஆனால் அங்கே வெளியிலிருந்து ஆட்டும் மின்னழுத்தம் இருக்கிறது, அதனால் தேற்றம் தடுப்பதில்லை. என்னுடையதில் அது இல்லை. அன்று ராத்திரி அறைக்கு வந்து, கணக்கீட்டின் படிநீளத்தை, அதாவது கணினி ஒரு தடவைக்குத் தாவுகிற நேர அளவை, பாதியாக்கி ஓட்டினேன். ஒழுங்கின்மை போய்விட்டது. இன்னும் பாதியாக்கினேன், அழகான ஒரு வளையம். அத்தனை நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தது மீனும் இல்லை, கடலும் இல்லை, என் நிரலின் சோம்பேறித்தனம். அந்த வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

அந்த வேறுபாடு இதுதான். நாம் ஓட்டிப் பார்த்து, படம் போட்டு, என்ன தெரிகிறது என்று சொல்வோம். அவர்கள் ஓட்டுவதற்கு முன்னால் என்ன வரலாம், என்ன வரவே முடியாது என்று கேட்பார்கள். உங்கள் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அலையியற்றிகள் ஒத்தியங்குகின்றன, எல்லாம் ஒரே தாளத்தில் ஆடுகின்றன என்று ஒரு படம் காட்டுவீர்கள். “அந்த நிலை நிலையானது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டால், நூறு தடவை ஓட்டினேன் என்பது பதில் இல்லை. பெக்கோராவும் கரோலும் 1998-இல் கொடுத்த முதன்மை நிலைப்புச் சார்பு முறையில், வலைப்பின்னலின் அமைப்பைத் தனியாகவும், ஒற்றை அலையியற்றியின் குணத்தைத் தனியாகவும் பிரித்து, எந்த இணைப்பு வலுவில் ஒத்தியக்கம் நிற்கும் என்று காட்டலாம். உங்கள் ஆய்வேட்டில் அது இருந்தால் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு அத்தியாயத்துக்காவது செய்து பாருங்கள். எல்லா அலையியற்றிகளும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் அந்த முறை அப்படியே பொருந்தாது. அதையும் நீங்களே முந்திக்கொண்டு சொன்னால், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆய்வுத் திட்ட அறிக்கையில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். வருகிற அறிக்கைகளில் பாதி, ஆய்வேட்டின் சுருக்கத்தையே காலம் மாற்றி எழுதியவை: “செய்தேன்” என்பது “செய்வேன்” ஆகியிருக்கும். எனக்கு வேண்டியது வேறு. இரண்டு வருடம் கழித்து இந்த ஆள் வெளியே போகும்போது, ‘இது அவளுடைய கேள்வி’ என்று மற்றவர்கள் சொல்லும்படி ஏதாவது ஒன்று கையில் இருக்குமா? அந்தக் கேள்வி சின்னதாக இருக்கலாம். குழுத்தலைவரின் பெரிய திட்டத்துக்குள் ஒரு மூலையில் இருக்கலாம். ஆனால் அவருடையதாகவே இருந்துவிடக்கூடாது. போஸ்ட்டாக் போய் எட்டுக் கட்டுரையில் நாலாவது பெயராக வந்து, ஒன்றையும் தன்னுடையது என்று சொல்லமுடியாமல் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டே கட்டுரை எழுதி, ஆனால் அதற்கென்று பேர் வாங்கியவர்களுக்கு அடுத்த கதவு சுலபமாகத் திறந்தது. இது என் அனுபவம், கணக்கெடுத்துச் சொல்லவில்லை.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். அந்தப் பேராசிரியரிடம் முன்பு போஸ்ட்டாக்காக இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் பதில் சொல்வார்கள், சொல்லாமல் விட்டதும் சில சமயம் ஒரு பதில்தான். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை “மதிப்பிற்குரிய ஐயா” என்று அனுப்புவதை விட்டுவிடுங்கள், பெண் பேராசிரியருக்கும் அதே ‘ஐயா’ போய்ச் சேர்ந்த கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். நாலு பேருக்கு, அவர்களுடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

ஜெர்மனி ஒன்றையே நம்பியும் இருக்காதீர்கள். இங்கே தேசிய உயர்கணித வாரியத்தின் போஸ்ட்டாக் உதவித்தொகை இருக்கிறது. சென்னை கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு ஐசிடிஎஸ் (சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம்) போன்றவை தாங்களே ஆள் எடுக்கின்றன. தேசிய போஸ்ட்டாக் திட்டம் முன்பு செர்ப் என்ற அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் வழியாக வந்தது, இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் வருகிறது. இரண்டு வருடம், வயது வரம்பு 35, பெண்களுக்கும் பட்டியல், பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கும் ஐந்து வருடச் சலுகை என்பதுதான் அதில் நடைமுறையாக இருந்துவந்தது. ஆய்வேட்டைக் கொடுத்திருந்தாலே விண்ணப்பிக்க முடிந்தது. விதிகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், புதியதை வாசித்துவிட்டுப் போடுங்கள்.

சரி, கடலுக்கு வருவோம். நம் பக்கத்தில் இந்தத் துறையை விளக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அடுத்த வருடத்துக்கும் சேர்த்து இன்றைக்கே அட்டவணை அச்சடித்துவிடலாம். நிலவும் சூரியனும் இழுக்கிற இழுப்பு, 12 மணி 25 நிமிடம் என்பது போன்ற நிலையான சுழற்சிகள், அவற்றைக் கூட்டினால் போதும். ஆழம் குறைந்த இடங்களில் கொஞ்சம் கோணல் வரும், ஆனால் அதற்கும் கணக்கு இருக்கிறது. காற்று அப்படி இல்லை. 1961-இல் எட்வர்ட் லாரன்ஸ் தன் வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச தூரம் பழைய வழியிலேயே போய், அப்புறம் முழுக்க வேறு வானிலையாகிவிட்டது. 1963-இல் அதை மூன்றே சமன்பாட்டில் எழுதிக் கட்டுரையாக்கினார். அதற்கு அடுத்த வருடம், 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடி போயிற்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வகுப்பில் லாரன்ஸ் சமன்பாட்டை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வருடங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அட்டவணை போடமுடிகிற கடலும் போடமுடியாத காற்றும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. இவ்வளவும் உறுதியான விஷயம்.

உறுதியில்லாத பக்கம் இனிமேல். முதல் போஸ்ட்டாக்கில் இருந்தபோது விடுமுறைக்கு ஊர் வந்தேன். பாம்பன் கால்வாய் நீரோட்டத்தை மாதிரியாக்கப் போகிறேன் என்று தலை முழுக்கக் கனவு. கச்சான், சோழகக் காற்று வீசும் தென்மேற்குப் பருவத்தில் தென்கடலிலிருந்து (மன்னார் வளைகுடா) வடகடலுக்கு ஓடும், வாடை பிடித்ததும் திரும்பும். இரண்டு நிலை, நடுவில் ஒரு தாவல், பாடப்புத்தகத்துக்கென்றே அமைந்த கணக்கு என்று நினைத்தேன். நாட்டுப்படகில் போகிற என் மாமாவிடம், “நீரோட்டம் எந்த வாரம் திரும்பும் மாமா?” என்று கேட்டேன். அவர், “எந்த எடத்துல? மேலயா, அடியிலயா?” என்றார். கரையை ஒட்டி ஒரு பக்கம் ஓடும்போது வெளியே இன்னொரு பக்கம் ஓடும், மேலே ஒரு மாதிரி, வலை இறங்கும் ஆழத்தில் ஒரு மாதிரி என்று பேசிக்கொண்டே போனார். என் மாதிரியில் மொத்தக் கடலுக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்தான் இருந்தது. அவர் சொன்னதில் பாதியை எழுதினால்கூட என் கணக்கு உடைந்துவிடும். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன், கட்டுரையாகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடற்கரையில் பிறந்ததாலேயே கடலின் கணக்கு நமக்கு வசப்படும் என்று ஒரு மயக்கம் வரும், விண்ணப்பத்தில் அதை எழுதவும் ஆசை வரும். “மீனவர் மகள், ஆகவே கடல் மாதிரி” என்று எழுதினால் வாசிக்கிறவர் நெகிழ்ந்துபோவார், ஆனால் வேலை தரமாட்டார். பிறந்த இடம் தருவது விடை இல்லை, மாமா கேட்ட மாதிரி சரியான எதிர்க்கேள்வி. அதைக் கணிதமாக்கத் தெரிந்தால் அது பெரிய சொத்து. 1984-இல் ஹசன் அரெஃப் காட்டியது இங்கே உதவும்: நீரோட்டம் எளிமையாக, சீராகத் திரும்பித் திரும்பி ஓடினாலும், அதில் மிதக்கும் துகள்களின் பாதை ஒழுங்கின்மையாகலாம். சொறி மீன் கூட்டமோ மீன் முட்டையோ கால்வாயின் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பது அந்த வகைக் கேள்வி. அலையியற்றியிலிருந்து அங்கே போக வழி இருக்கிறது, ஆனால் ஓட்டத்தின் அளவீடு வேண்டும். அதற்குக் கடலியல் ஆட்களோடு சேரவேண்டும். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையகமே ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது.

பவளப்பாறை இன்னொரு கேள்வி. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கடல் சூடாகிப் பாறைகள் வெளுத்தன. பவளம் மூடிய நிலை, பாசி மூடிய நிலை என்று இரண்டு நிலைகள் இருந்து, ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாய்ந்துவிட்டால், சூடு பழையபடி குறைந்தாலும் வந்த வழியே திரும்பாது என்று நம் சமன்பாடு சொல்லும். சமன்பாட்டில் அது சந்தேகமில்லாத உண்மை. ஒரு குறிப்பிட்ட தீவைச் சுற்றியுள்ள பாறை அந்தச் சமன்பாட்டின்படிதான் நடக்கிறதா என்பது வேறு. சாய்வதற்கு முன்னால் அமைப்பு மெதுவாகும், ஏற்ற இறக்கம் கூடும், அதை வைத்து முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்று நிறையக் கட்டுரைகள் வருகின்றன. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். நம்மிடம் உள்ள கடல் தரவுகள் குறுகியவை, இரைச்சல் அதிகம், பொய் எச்சரிக்கை சுலபமாக வரும். இதில் பவளம் அறிந்தவர்கள் சொல்வதை என் பேச்சுக்கு மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஆகுமா என்று கேட்டால், இரண்டு வருடத்தில் ஆகாது. உங்கள் அப்பா நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்பதை நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்லமாட்டீர்கள், அதற்கு வானிலைத் துறை இருக்கிறது. ஆனால் அந்த ஜெர்மன் குழு ஓட்டத்தில் கலப்பு, சாய்வு நிலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்கிறது என்றால், உங்கள் ஒத்தியக்க வேலையிலிருந்து அங்கே ஒரு பாலம் போட்டு, கடைசிப் பத்தியில் ‘இதை நான் பிறகு பாக் விரிகுடாவில் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன், அதற்கு இன்ன அளவீடு தேவை’ என்று இரண்டே வரி எழுதுங்கள். அந்தக் குழு இதில் எதையும் தொடுவதில்லை என்றால் அந்த இரண்டு வரியை விட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். கருவிகளைக் கற்றுக்கொண்டு வாருங்கள், கடல் எங்கேயும் போய்விடாது.

பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிற மூன்று பேரிடமும் குறைந்தது மூன்று வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். உங்கள் வழிகாட்டியைத் தவிர மற்ற இருவரில் ஒருவராவது வெளி நிறுவனத்துக்காரராக இருக்கட்டும். கடைசி நாள் நள்ளிரவு என்று போட்டிருந்தால் அது ஜெர்மனி நள்ளிரவு, நமக்கு விடிகாலை மூன்றரையோ நாலரையோ ஆகியிருக்கும். அதை நம்பிக் காத்திருக்காமல் முந்தின நாளே பதிவேற்றிவிடுங்கள், அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும். அதற்கு முன்னால் ஆய்வேட்டில் இருக்கிற ஒவ்வொரு படத்துக்கும் படிநீளத்தைப் பாதியாக்கி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், பின்னிணைப்பு உட்பட.